மணிலா வீட்டு அடுப்படியில் குடியேறிய சீனம்

டிசம்பர் 26-ஆம் தேதியே மணிலாவில் பழ விலை ஏறத் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய ஹாமில் பாதி இன்னும் ஃப்ரிட்ஜில் கிடக்கும், அதற்குள் அடுத்த கவலை வந்துவிடும். 31-ஆம் தேதி ராத்திரிக்குள் பன்னிரண்டு வகை உருண்டைப் பழம் சேர்த்தாக வேண்டும், மாதத்துக்கு ஒன்று. ஆரஞ்சு, ஆப்பிள், திராட்சை, தர்பூசணி, முலாம்பழம், பம்ப்ளிமாஸ், சப்போட்டா, கியாத் கியாத் என்கிற குட்டி ஆரஞ்சு என்று எட்டு வரைக்கும் சுலபமாகப் போகும். அதற்கு மேல் திண்டாட்டம்தான். வாழைப்பழமும் மாம்பழமும் எவ்வளவு இனித்தாலும் அன்றைக்கு அவற்றுக்கு மரியாதை இல்லை. உருண்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உருண்டை என்றால் நாணயம், நாணயம் என்றால் செல்வம்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவைத் தெருவே ‘தீத்தா’ என்றுதான் கூப்பிடும். அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு மாமி எல்லோருக்கும் அங்கே இந்த ஒரே சொல்தான். டிசம்பரில் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் போகிறவர். புத்தாண்டு இரவு அவர் வீட்டைப் பார்க்க வேண்டும். எல்லா விளக்கும் எரியும், கதவும் ஜன்னலும் திறந்தே கிடக்கும். அரிசி டப்பா, உப்பு டப்பா விளிம்பு வரை நிரம்பியிருக்கும். பேத்திகளுக்கு வட்டவட்டப் புள்ளி போட்ட சட்டை. எல்லார் சட்டைப்பையிலும் சில்லறை. பன்னிரண்டு அடித்ததும் பிள்ளைகள் உயரமாக வளர வேண்டும் என்று குதிப்பார்கள், பையில் சில்லறை குலுங்கும், வெளியே பட்டாசும் தோரோதோத் ஊதல்களும் காதைப் பிளக்கும். நள்ளிரவு விருந்தில் நூடுல்ஸ் உண்டு, ஒட்டும் அரிசியில் செய்த இனிப்பு உண்டு. கோழி மட்டும் கிடையாது. கோழி மண்ணைக் கிளறிக் கிளறித் தின்கிற ஜீவன், வருஷம் முழுக்க நம் பிழைப்பும் அப்படி ஆகிவிடும் என்பது தீத்தாவின் கட்சி.

“இதெல்லாம் சீனர்கள் பழக்கமா தீத்தா?” என்று கேட்டேன்.

“சீனமா? எங்க பாட்டி காலத்திலேர்ந்து இப்படித்தான்பா செய்யறோம்” என்றார். கேள்வியே அவருக்கு விசித்திரமாகப் பட்டது.

என் ஊகத்தைச் சொல்கிறேன். ஸ்பெயினில் புத்தாண்டு நள்ளிரவில் பன்னிரண்டு திராட்சை தின்கிற வழக்கம் இருக்கிறது. ஆக, பன்னிரண்டு என்ற எண்ணிக்கை அங்கிருந்து வந்திருக்கும். உருண்டை, சத்தம், நாணயம், ஒட்டும் இனிப்பு ஆகியவை சீனத்திலிருந்து. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, பக்கத்தில் மாதா படத்தையும் வைத்தது பிலிப்பினோ வீடு.

முதல் முறை இந்தப் பழத் தட்டை ஏற்பாடு செய்யப் போகிறவர்களுக்கு: 27-ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். பம்ப்ளிமாஸ், ஆரஞ்சு, ஆப்பிள், முலாம்பழம் எல்லாம் நாலைந்து நாள் தாங்கும். திராட்சையை மட்டும் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். திவிசோரியா சந்தையில் விலை குறைவு, ஆனால் கூட்டத்தில் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் கிலோ கணக்கில் வாங்கத் தேவையில்லை. பெரியது ஒன்று, சிறியது இரண்டு மூன்று போதும், வகைதான் முக்கியம். ஒருவர் வீட்டு விருந்துக்குப் போகிறீர்கள் என்றால் அவர்களுக்குக் கிடைக்காத ஒரு பழத்தைத் தேடிப்பிடித்துக் கொண்டுபோங்கள். விலை உயர்ந்த கேக்குக்குக் கிடைக்காத வரவேற்பு அதற்குக் கிடைக்கும்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ கொஞ்ச காலம் இருந்தவர்களுக்குச் சீனப் பண்பாடு என்றால் ஒரு படம் மனதில் இருக்கும். தனிக் கோயில், தனிப் பள்ளி, தனி மொழி, தனிப் பண்டிகை என்று பார்த்ததுமே தெரிகிற ஒன்று. பிலிப்பைன்ஸில் அப்படித் தேடினால் மணிலாவின் பினோண்டோ வட்டாரத்தோடு தேடல் முடிந்துவிடும். ஆனால் அங்கே சீனம் அதிகமாகப் புழங்குவது, தன்னைச் சீனர் என்று நினைத்தே பார்க்காத தீத்தா மாதிரியானவர்களின் வீடுகளில்தான். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது அவ்வளவு இனிமையான காரணமில்லை.

ஸ்பானியர்கள் 1571-இல் மணிலாவைப் பிடித்தார்கள். மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே கப்பல்கள் ஓடின. சீனத்துப் பட்டும் பீங்கானும் அந்தப் பக்கம் போயின, மெக்சிகோ வெள்ளி இந்தப் பக்கம் வந்தது. 1815 வரை ஓடிய இந்த வியாபாரத்துக்குச் சரக்கு கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் கரையிலிருந்து வந்த, ஹொக்கியன் மொழி பேசுகிற சீனர்கள். மணிலாவில் தையல், தச்சு, ரொட்டி சுடுவது, செருப்புத் தைப்பது என்று எல்லாக் கைவேலையும் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் இல்லாமல் ஸ்பானியர்களால் ஒரு நாளை ஓட்ட முடியாது, அவர்களை நம்பவும் முடியாது. ஆகவே பரியான் என்ற குடியிருப்பில், இன்ட்ராமுரோஸ் கோட்டை மதிலுக்கு வெளியே, பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில் வைத்தார்கள். 1603-இல் கலவரம் மூண்டு பல்லாயிரம் சீனர்கள் கொல்லப்பட்டார்கள். 1639-இல் மறுபடியும், 1662-இல் மறுபடியும்.

இதற்கு நடுவே ஒரு வழி திறந்திருந்தது. ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கர் ஆனால் வரி குறையும், உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம், நிரந்தரமாக இருக்கலாம். அப்படி மாறியவர்களுக்காக 1594-இல் ஆளுநர் லூயிஸ் பெரெஸ் தாஸ்மாரினியாஸ் ஒதுக்கிய இடம்தான் பினோண்டோ. உலகின் மிகப் பழைய சைனாடவுன் என்று அதைச் சொல்வது இதனால்தான். யோசித்துப் பாருங்கள். அப்பா சீனர், அம்மா தகாலோக் பேசுகிற பெண், பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் சீனம் எங்கே மிஞ்சும்? பூஜையறையில் மிஞ்சாது. சமையலில் மிஞ்சும், பிள்ளைகள் மூத்தவர்களைக் கூப்பிடும் முறையில் மிஞ்சும், நல்ல நாள் கெட்ட நாள் பார்ப்பதில் மிஞ்சும். அண்ணனைக் ‘குயா’ என்றும் அக்காவை ‘ஆத்தே’ என்றும் நாடே அழைப்பது ஹொக்கியன் வழி வந்த பழக்கம்தான்.

அந்தக் கலப்புக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்தான் பிற்காலத்தில் நாட்டின் முகம் ஆனார்கள். தேசிய வீரர் ஹோசே ரிசாலின் தந்தை வழி மூதாதை ஃபூஜியனின் ஜின்ஜியாங் பகுதியிலிருந்து வந்த தொமிங்கோ லாம்கோ. முதல் பிலிப்பினோ புனிதர் லொரென்சோ ரூயிஸ் பினோண்டோ தேவாலயத்தில் வளர்ந்தவர். அப்பா சீனர், அம்மா உள்ளூர்க்காரர். 1637-இல் நாகசாகியில் வதைக்கப்பட்டு இறந்தார், 1987-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. கொராசோன் அக்கினோ பிறந்த கோஹுவாங்கோ குடும்பத்துக்கும் வேர் ஃபூஜியனில்தான். 1988-இல் அதிபராகச் சீனா போனபோது அவர் தம் மூதாதையர் கிராமத்துக்கும் போய்வந்தார்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் அதுதான்.

பிறந்த நாள் என்றால் பன்சித் இருக்கும். இது நூடுல்ஸ் வகைகளுக்கான பொதுப் பெயர். நீளம் ஆயுளைக் குறிக்கும், அதனால் வெட்டக் கூடாது. பரிமாறும்போது சிக்கலாக வந்தாலும் அப்படியே தட்டுக்குத் தூக்கிக்கொள்ள வேண்டும், முள்கரண்டியால் துண்டு போட்டால் யாராவது ஒரு பாட்டி ‘ச்’ கொட்டுவார். பீஹோன் என்பது மெல்லிய அரிசி நூடுல்ஸ், கிட்டத்தட்ட நம் அரிசிச் சேவை. காந்தோன் கோதுமையில் செய்தது. இலோய்லோ பக்கத்துப் பன்சித் மோலோவில் நூடுல்ஸே இருக்காது. இறைச்சி வைத்த கொழுக்கட்டைகள் மிதக்கும் சூப் அது. மோலோ ஒரு காலத்தில் இலோய்லோவின் சீனக் குடியிருப்பு.

சைவர்கள் கவனிக்க வேண்டியது: காய்கறிப் பன்சித் என்று சொன்னாலும் அதில் இறால் தண்ணீரோ கோழி ஈரலோ இருக்க வாய்ப்பு அதிகம். ‘வலாங் கர்னே’ என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள். அதை மட்டும் சொன்னால் பன்றி போய் இறால் வரும். ‘வலாங் கர்னே, வலாங் ஹிபோன், வலாங் பாதிஸ்’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹிபோன் இறால், பாதிஸ் மீன் சாறு. ஆய்ஸ்டர் சாஸையும் கேட்டுவிடுவது நல்லது, அதைப் பலர் அசைவமாகவே எண்ணுவதில்லை. லும்பியா என்ற சுருட்டலிலும் இதே கதை. பனங்குருத்து வைத்த, பொரிக்காத லும்பியா பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், உள்ளே பொடியாக நறுக்கிய பன்றிக்கறி கலந்திருக்கும்.

ஹோப்பியா இன்னும் வேடிக்கை. மெல்லிய அடுக்கு மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட சிறிய பண்டம். ‘ஹோப்பியா பாபோய்’ என்றால் பன்றி ஹோப்பியா, ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சர்க்கரையில் ஊறிய பூசணியும் வெங்காயத்தாளும். பெயருக்குக் காரணம் அதில் சேர்க்கும் பன்றிக் கொழுப்பு. பாசிப்பயறு ஹோப்பியாவிலும் மாவு பிசையப் பழைய முறையில் அதே கொழுப்பைச் சேர்ப்பார்கள். பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது, பெட்டியின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட வேண்டும். தாவர எண்ணெயில் செய்கிற கடைகளும் உண்டு. பினோண்டோவில் 1912 முதல் நடக்கும் எங் பீ தின் கடைதான் ஊதா நிற ஊபே கிழங்கு வைத்த ஹோப்பியாவைப் பிரபலமாக்கியது. அந்தக் கடைக்காரர் தீயணைப்புப் படைக்கு வாங்கிக் கொடுத்த வண்டிகளும் அதே ஊதா நிறம். சீன வம்சாவளித் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் மணிலாவில் பெரிய சங்கதி. மரக்கட்டை வீடுகள் நெருக்கியடித்த பகுதிகளில் முதலில் வந்து நிற்பது பல நேரம் அவர்கள் வண்டிதான்.

கவலையே இல்லாமல் சாப்பிடக்கூடிய ஒன்று தாஹோ, சோயாப் பாலை உறையவைத்துச் செய்வது. காலை ஆறு ஆறரைக்குத் தெருவில் ‘தாஹோ...ஓ...ஓ’ என்று இழுத்து ஒரு குரல் வரும். தோளில் கழி, இரண்டு பக்கமும் அலுமினிய வாளி. ஒன்றில் இளஞ்சூடான சோயாத் தயிர் மாதிரியான பதத்தில் தாஹோ, மற்றதில் வெல்லப்பாகு போன்ற அர்னிபாலும் ஜவ்வரிசியும். தட்டையான கரண்டியால் மேலே நிற்கும் தண்ணீரை முதலில் வழித்து ஊற்றிவிட்டு, தாஹோவை ஏடு ஏடாக எடுத்து டம்ளரில் போடுவார். பாகு, ஜவ்வரிசி, ஒரு கலக்கு. வீட்டிலிருந்து நம் டம்ளரைக் கொண்டுபோனால் கொஞ்சம் அதிகமாகவே விழும். முழுக்கத் தாவர உணவு, வயிற்றுக்கும் இதம்.

பழைய சீன உணவகங்களின் மெனு அட்டையில் ஸ்பானியப் பெயர்களைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். காலனி காலத்து வாடிக்கையாளருக்குப் புரிய வேண்டும் என்று வைத்த பெயர்கள் அவை. இஞ்சி தட்டிப் போட்ட கோழிக் கஞ்சிக்கு ‘அர்ரோஸ் கால்தோ’ என்று பெயர், காய்ச்சல் வந்தால் ஒவ்வொரு பிலிப்பினோ அம்மாவும் வைத்துக் கொடுப்பது. அது ஸ்பெயினிலிருந்து வந்தது என்று நினைக்கிறவர்கள் அங்கேயே நிறையப் பேர். மாமி என்ற நூடுல்ஸ் சூப் இன்னும் பிற்காலத்தியது. குவாங்தோங்கிலிருந்து 1918-இல் வந்த மா மோன் லுக் என்ற பள்ளி ஆசிரியர் தோளில் கழி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்றுப் பரப்பியது.

நான் சீனர்களின் சந்திரப் புத்தாண்டு அன்றைக்கே பினோண்டோவுக்குப் போயிருக்கிறேன், முந்தின வாரமும் போயிருக்கிறேன். சிங்க நடனம்தான் வேண்டும் என்றால் அன்றைக்குப் போங்கள். கடை வாசலில் ஒரு கட்டுக் கீரையையும் அம்பாவ் என்கிற, காசு வைத்த சிவப்பு உறையையும் தொங்கவிட்டிருப்பார்கள், சிங்கம் எம்பி அதைக் கவ்வி, கீரையைப் பிய்த்துக் கூட்டத்தின் மேல் உமிழும். அது ஒரு தரம் பார்க்க வேண்டிய காட்சிதான். மற்றபடி அன்றைக்கு நடக்கவே இடம் இருக்காது, சாப்பாட்டுக் கடைகளில் கால் வைக்க முடியாது, திகோய் என்ற ஒட்டும் அரிசி இனிப்பை வாங்க வரிசை தெருமுனை தாண்டும். நாலைந்து நாள் முன்னால் காலை எட்டு மணிக்குப் போனால் எல்லாமே நிதானமாகக் கிடைக்கும். எல்ஆர்டி 1 ரயிலில் கரியேதோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். காரில் போவது வீண் வேலை. சில்லறை நோட்டு, பழைய செருப்பு, ஒரு துணிப்பை போதும். கழிப்பறைக்கு லக்கி சைனாடவுன் மால்தான் கதி. 2012 முதல் சந்திரப் புத்தாண்டு நாள் நாடு முழுக்க விடுமுறை என்பதால் வங்கி வேலைகளையும் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் போனாலும் ஓங்பின் தெருவோரத்தில் இருக்கும் சாந்தோ கிறிஸ்தோ சிலுவை முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தங்க நிறச் சிலுவை, மேலே சம்பகீத்தா மல்லிகைச் சரங்கள், எதிரே மணல் நிரப்பிய பெரிய ஊதுவத்திக் கிண்ணம். ஒரு நாள் ஓர் அம்மாள் கையில் நீளமான ஊதுவத்திக் கட்டோடு வந்து மூன்று முறை குனிந்து வணங்கி, வத்திகளை மணலில் செருகிவிட்டு, போகிற போக்கில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கிளம்பினார். பக்கத்தில் டிரைசைக்கிள்காரரும் இறங்கி வந்து ஒரு வத்தி ஏற்றினார், அவர் சீனர் மாதிரியே இல்லை. பத்தாங்காஸின் தால் ஊரில் இருக்கும் கைசாசாய் மாதாவிலும் இதே கலப்பு உண்டு. 1603-இல் மீனவர் வலையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் அந்தச் சுரூபத்தைச் சீன பக்தர்கள் கடலோடிகளின் தெய்வமான மாஸுவாகவும் கும்பிடுகிறார்கள்.

திகோய் வாங்கிவந்தவர்கள் பலரும் அதைக் கேக் மாதிரி அப்படியே வெட்டித் தின்றுவிட்டு, இதென்ன ரப்பர் என்பார்கள். அது ஒட்டும் அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைத்த கட்டி. முதலில் ஃப்ரிட்ஜில் வைத்து இறுக விட வேண்டும். கத்தியில் எண்ணெய் தடவி, அரை விரல் கனத்தில் துண்டு போட்டு, அடித்த முட்டையில் முக்கி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சிறு தீயில் இரண்டு பக்கமும் சிவக்க எடுக்க வேண்டும். சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் மறுபடி இறுகிவிடும். முட்டை வேண்டாதவர்கள் லும்பியா தாளில் சுருட்டிப் பொரிக்கலாம், அல்லது ஆவியில் இளக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டலாம். எனக்குப் பிடித்தது தேங்காய்த் துருவல்தான். தீத்தா அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

அம்பாவ் எனும் சிவப்பு உறை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பழகியதுதான். பிலிப்பைன்ஸில் அது கிறிஸ்துமஸுக்கே இடம் மாறிவிட்டது. ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோர் தங்கள் ஞானப்பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் காலையில் காசு கொடுக்க வேண்டும். அதைப் பெரும்பாலும் அம்பாவ் உறையில்தான் போடுகிறார்கள், கடைகளில் கிறிஸ்துமஸ் தாத்தா படம் போட்ட அம்பாவ்கூடக் கிடைக்கிறது. அலுவலகத்தில் யாராவது உங்களைத் தன் பிள்ளைக்கு நினோங், அதாவது ஞானத்தந்தை, ஆக இருக்கச் சொன்னால் அது கௌரவம், கூடவே வருஷாந்தரச் செலவும் என்று தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர் இல்லை என்றாலும் கேட்பார்கள். புது நோட்டுதான் மரியாதை, டிசம்பர் முதல் வாரத்திலேயே வங்கியில் கேட்டு வைக்க வேண்டும். இருபது பெசோ நாணயமாகிவிட்டதால் இப்போது ஐம்பதும் நூறும்தான் உறைக்கு ஏற்றவை. சீன வம்சாவளிக் குடும்பம் என்றால் தொகையில் நாலைத் தவிர்த்து, இரட்டைப்படையாக வைப்பார்கள். எட்டு வந்தால் சந்தோஷம். வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்க வேண்டும், கொடுத்தவர் எதிரே திறந்து பார்க்கக் கூடாது.

நாலுக்கு இவ்வளவு பயம் ஏன் என்றால் ஹொக்கியனில் அந்த எண்ணும் சாவும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. மணிலாவின் அடுக்குமாடிகள் பலவற்றில் லிஃப்டில் 3-க்கு அடுத்து 5 இருக்கும். ஆனால் இதே சமூகம் வருஷத்தில் ஒரு நாள் நாலு விழ வேண்டும் என்று கத்துவதை நான் எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பார்க்கிறேன். அது மூன்கேக் என்ற பூரணம் வைத்த பண்டத்தின் பெயரால் வழங்கும் சீனப் பண்டிகையின் பகடையாட்டம். ஒரு பீங்கான் கிண்ணம், ஆறு பகடை. ஒன்றையும் நாலையும் மட்டும் சிவப்பில் புள்ளி போட்டிருப்பார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து முறை வைத்து உருட்ட வேண்டும். ஒரு நாலு விழுந்தால் ‘இட் சியு’, அதுதான் கடைசிப் படிப் பரிசு. இரண்டு நாலுக்கு அடுத்த படி. நாலைத் தவிர வேறு ஏதாவது ஓர் எண் நான்கு பகடையில் விழுந்தால் அதற்கும் மேலே. பிறகு மூன்று நாலு, அதன் பிறகு ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக விழுவது. நான்கு பகடையில் நாலு விழுந்தால் ‘சியோங் குவான்’, முதல் பரிசு. அரசர் காலத்துச் சீனத் தேர்வில் முதலிடம் பெற்றவருக்கு இருந்த பட்டம் அது. பரிசுகள் 32, 16, 8, 4, 2, 1 என்று குறைந்துகொண்டே போகும், மொத்தம் 63. முன்பு எல்லாமே மூன்கேக்தான். இப்போது கீழ்ப்படியில் சார்டின் டப்பா, ஷாம்பு, நடுவில் சமையல் எண்ணெய், அரிசி, உச்சியில் ரைஸ் குக்கரோ டிவியோ.

இந்த ஆட்டம் ஃபூஜியனின் ஷியாமென் பக்கத்தது. கொக்ஸிங்கா என்ற கடல் தளபதியின் படைவீரர்கள் வீட்டு நினைவை மறக்க ஆடியது என்று கதை. இந்தக் கொக்ஸிங்காதான் 1662-இல் டச்சுக்காரர்களிடமிருந்து தைவானைப் பிடித்துவிட்டு, அதே வருஷம் மணிலாவுக்குத் தூது விட்டுக் கப்பம் கேட்டவர். அந்தப் பயத்தில்தான் மேலே சொன்ன மூன்றாவது படுகொலை நடந்தது. யாருடைய பெயரைக் கேட்டு இந்த ஊர் நடுங்கிச் சீனர்களை வெட்டியதோ, அவர் பட்டாளத்து ஆட்டம் என்று சொல்லப்படுவதை இன்று இந்த ஊர் ஆபீஸ்களில் சீனரும் அல்லாதவரும் ஒன்றாக உட்கார்ந்து சோப்புக்காகவும் அரிசிக்காகவும் ஆடுகிறார்கள். மேசையில் இதை நான் சொன்னதற்கு, சினோய் நண்பர் ஒருவர், “உருட்டுறியா, கதை சொல்றியா?” என்றார்.

சினோய் என்பது சீன வம்சாவளிப் பிலிப்பினோக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். அவர்களிடம் ‘நீங்கள் சீனரா?’ என்று கேட்பதைத் தவிர்ப்பது நல்லது. அதற்குப் பின்னால் சரித்திரம் இருக்கிறது. 1954-இல் சில்லறை வியாபாரம் குடிமக்களுக்கு மட்டும் என்று சட்டம் வந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் கடைகளை இழந்தார்கள் அல்லது உள்ளூர் மனைவி பெயருக்கு மாற்றினார்கள். 1975-இல்தான் அதிபர் மார்கோஸ் ஆணையால் குடியுரிமை எளிதாயிற்று. 1990-களில் பணத்துக்காக ஆள் கடத்தல் அவர்களைக் குறிவைத்து நடந்தது. இப்போது கடல் எல்லைத் தகராறு சூடாகும்போதெல்லாம் பெய்ஜிங் மேல் வரும் கோபத்தில் ஒரு துளி இவர்கள் மேலும் தெறிக்கிறது. ஷூ கடையாகத் தொடங்கி எஸ்எம் மால்களாக வளர்ந்ததும், ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கி ஜாலிபீ ஆனதும் இந்தச் சமூகத்தார் கையால்தான். பிலிப்பினோக்கள் வெளிநாட்டில் ஏங்கித் தேடும் ருசிகளில் ஜாலிபீ கோழிக்குப் பெரிய இடம். அரசியல் பேச்சு வந்தால் சீன அரசு வேறு, சினோய்கள் வேறு என்று பிரித்துப் பேசப் பழகிக்கொள்ளுங்கள்.

பகடையாட்டத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். சில நடைமுறைகள் மட்டும்: பகடையைக் கையிலிருந்து சற்று உயரத்தில் தளர விட வேண்டும், வீசக் கூடாது. ஒரு பகடை கிண்ணத்துக்கு வெளியே துள்ளினால் அந்த முறை செல்லாது. உங்களுக்கு என்ன விழுந்தது என்று நீங்கள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மேசையே கத்திச் சொல்லிவிடும். முதல் பரிசு கைக்கு வந்தாலும் உடனே கொண்டாட வேண்டாம், சில இடங்களில் உங்களைவிடப் பெரிய உருட்டல் விழுந்தால் அது கைமாறும். மூன்கேக்கின் மாவில் பன்றிக் கொழுப்பும் நடுவில் உப்பு வாத்து முட்டையும் இருக்கலாம், சைவர்கள் கேட்டுவிட்டு எடுங்கள். அப்புறம், அரிசி மூட்டை பரிசாக விழுந்துவிட்டால் ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. அதே பக்கம் காரில் போகிறவர் யார் என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.